முன்னால் எதையும் தொங்கவிடாதே

அன்புள்ள கண்ணு,

ஓட்டலில் டியூட்டி முடிந்து வந்ததும் நீ முதலில் வண்டியைத்தான் போய்ப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் நீ பார்த்துப் பார்த்துக் கட்டிய பைகளில் முன்பக்கப் பை மட்டும் இருக்காது. திருடன் யாரும் வரவில்லை. நான்தான் கழற்றினேன். அதையும் அதன் மேல் கட்டியிருந்த பாயையும் உன் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். பையில் நீ போட்டுவைத்த டார்ச்சும் பிஸ்கட் பாக்கெட்டும் அப்படியே இருக்கின்றன. கோபம் வந்து கத்துவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிடு. எதிரில் உட்கார்ந்து சொல்ல முடிகிற விஷயமாக இருந்திருந்தால் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

நாளைக் காலை நீயும் உன் சிநேகிதி மாலதியும் ஆளுக்கொரு வண்டியில் கொல்லிமலைக்குக் கிளம்புகிறீர்கள். யாரோ தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் அடித்து இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகத் திட்டம். போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் நீ தேதி சொன்ன நாளிலிருந்து எனக்குப் பயம்தான். நம் மலையில் இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு, அங்கே ஏற எழுபது. உனக்கு அது விளையாட்டு. முப்பது வருஷம் எஸ்டேட் ஜீப்பும் லாரியும் ஓட்டியவனுக்கு அப்படி இல்லை. இறங்கி வருகிற பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். பனிமூட்டத்துக்குள் காட்டெருமை நடு ரோட்டில் நின்றுகொண்டு நம்மையே பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால்கூட ரோட்டில் போகிற வண்டிச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பயத்தை மறைக்கத்தான் பை வாங்குகிற வேலையை நான் தலைமேல் போட்டுக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறதா? வண்டியின் இரண்டு பக்கமும் மாட்டுகிற ஒரு ஜோடிப் பெட்டியைப் போனில் பளபளவென்று காட்டினாய்.

"ஏனுங்கப்பா, இது எப்புடி இருக்குதுங்க? பூட்டெல்லாம் இருக்குதுங்க."

"நல்லாத்தான் கண்ணு இருக்குது. பெட்டியே இத்தனை கனம், அதை மாட்ட ஒரு இரும்புச் சட்டம் வேற. ரெண்டு நாளைக்குப் போறியா, ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போறியா?"

நீ மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாய். அப்புறம் சேலத்துக் கடைக்கு இருவரும் போனோம். சீட்டுக்குக் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் தொங்குகிற துணிப் பைகள் நாலைந்து ரகம் எடுத்துப் போட்டார்கள். ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். நான் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டேன். "ஏனுங் பெரியவரே, பை வாங்க வந்தீங்களா, பையைக் குளிப்பாட்ட வந்தீங்களா?" என்று அவர் சிரித்தார். ஊற்றிப் பார்த்தால் ஜிப் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிற்று. நீ வெட்கத்தில் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டாய். கடைசியில் அதைவிட விலை குறைந்த, தண்ணீரைப் பற்றி எந்த வாக்குறுதியும் கொடுக்காத, ஆனால் வார் தைத்த இடத்தில் இரட்டைத் தையல் போட்ட ஜோடியைத்தான் வாங்கினோம். மழைக்கு என்ன வழி என்று நீ கேட்டாய். உர மூட்டைக்கு உள்ளே வருகிற பிளாஸ்டிக் உறை இரண்டை நாலு தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தேன். துணியை அதற்குள் போட்டு வாயை முறுக்கிக் கட்டிப் பைக்குள் வைத்துவிட்டால் எந்த மழைக்கும் பயப்பட வேண்டாம். முதலில் மூக்கைச் சுளித்தாய், அப்புறம் மாலதிக்கும் இரண்டு கேட்டாய்.

பை சைலன்சரில் பட்டுக் கருகக் கூடாது, சக்கரத்துக்குள் சிக்கக் கூடாது என்று வெல்டிங் பட்டறையில் இரண்டு பக்கமும் ஒரு வளைந்த கம்பி வைத்துக் கொடுத்தேன். பழைய டியூபை அறுத்த வார் நம் எஸ்டேட்டில் எல்லார் வீட்டிலும் ஆணியில் தொங்கும். மூட்டை கட்ட அதைப்போல வராது என்பார்கள். உனக்கு அதை நான் தரவில்லை. அது இழுபடும், மேடு பள்ளத்தில் மூட்டை ஒரு பக்கமாக நகர்ந்து போகும், கண்ணுக்குத் தெரியாது. பக்கிள் வைத்த நாடாதான் வாங்கிக் கொடுத்தேன். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தவன், முன்பக்கப் பை விஷயத்தில் மட்டும் கோட்டைவிட்டேன். அது மாலதியின் அண்ணன் கொடுத்தது. பெரிய வண்டிக்குச் செய்த, பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக் கட்டுகிற உயரமான பை. "ஓசியில வந்ததை எதுக்குக் கண்ணு வேண்டாங்கறே, வெச்சுக்க" என்று சொன்னவனே நான்தான்.

நேற்று எல்லாவற்றையும் நிரப்பிக் கட்டினாய். முன்பக்கப் பைக்கு மேலே, ஹேண்டிலோடு சேர்த்து, படுக்கிற பாயையும் சுருட்டிக் கட்டினாய். நீ உள்ளே கயிறு எடுக்கப் போனபோது நான் சும்மா ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் முழுசாகத் திரும்பியது. இடது பக்கம் முக்கால்வாசி போய், பையில் முட்டி நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி முட்டி நின்றதை இந்தக் கை மறக்கவில்லை.

அம்மா அப்போது காப்பி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். நீ கயிறோடு வெளியே வந்தாய்.

"முன்னால கட்டுனது வேண்டாங் கண்ணு. அதை அவுத்துப்போடு" என்றாள்.

"உனக்கென்னம்மா தெரியும் வண்டியைப் பத்தி? பின்னால உட்காரவே உனக்கு நடுங்கும். அப்பா சொல்லட்டும். ஏனுங்கப்பா, சரியா இருக்குதுங்களா?"

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். "சரியாத்தான் கண்ணு இருக்குது" என்றேன். அம்மா என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் காப்பியைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெற்ற பெண்ணின் உயிரைவிட என் மானம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டதா என்று அதற்கப்புறம் என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொல்லப் போனால் ஒன்பதாவது வளைவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு பயம்தான் என் வாயைக் கட்டிப்போட்டது.

நம் வீட்டுக் கதை ஒன்று உனக்குத் தெரியும். உனக்கு மூன்று வயதில் நாம் மூன்று பேரும் மொபெட்டில் மலை ஏறி வந்தபோது விழுந்தோம், எதிரில் பஸ்ஸைப் பார்த்துப் பயந்த அம்மா என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாள், வண்டி சாய்ந்துவிட்டது, அதில்தான் அவளுடைய இடது முழங்கை உடைந்து இன்றுவரை நீட்ட முடியாமல் போனது. மாமா சொல்வார், எஸ்டேட்டில் எல்லாரும் சொல்வார்கள், நீயும் சொல்வாய். அந்தக் கதையைக் கட்டியவன் நான். அது பொய்.

சேர்வராயன் கோயில் திருவிழா வாரம் அது. உன் மாமா குடும்பம் வருகிறதென்று சேலத்துக்குப் போய்ச் சாமான் வாங்கினோம். துணிமணிப் பொட்டலத்தைப் பின்னால் கட்டினேன். தேங்காயும் ஒரு பித்தளைக் குடமும் இருந்த ஒயர் கூடையை ஹேண்டிலில் மாட்டினேன். சமவெளியில் எல்லாரும் செய்கிறதுதான். நேரான ரோட்டில் ஹேண்டிலை எவ்வளவு திருப்பப் போகிறோம்? சேலத்திலிருந்து வருகிறவரை கூடை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டு வந்தது. அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கேயே அம்மா சொன்னாள்.

"ஏனுங்க, அந்தக் கூடை முட்டுதுங்க. பஸ்ஸுல வர்ற யாருகிட்டயாச்சும் குடுத்துடலாமுங்க. மேல ஸ்டாப்புல வாங்கிக்கலாம்."

நம் ஆட்கள் அப்படிக் கொடுத்துவிடுவது வழக்கம்தானே. டிரைவர் கண்டக்டர் எல்லாரும் தெரிந்தவர்கள். ஆனால் எனக்கு அன்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெனமும் ஜீப்பு ஓட்டறவனுக்கு நீ சொல்லித்தர்றியா? பேசாம ஏறி உட்காரு புள்ளே."

அவள் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள். முதல் நாலைந்து வளைவில் கூடையை முழங்காலால் ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினேன். வேர்த்தது, இருந்தாலும் நிறுத்தவில்லை. ஒன்பதாவது வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. அது பாவம், அதன் பக்கத்தில்தான் வந்தது. நான் இடது பக்கம் ஒடித்தேன். குடத்தின் விளிம்பு வண்டியில் முட்டிக்கொண்டு ஹேண்டில் நின்றுவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் திரும்பவில்லை. வண்டி நேராகப் பஸ்ஸைப் பார்த்துப் போனது. பஸ் டிரைவர் நிறுத்திவிட்டார், நாம் சாய்ந்தோம். தேங்காய் ரோட்டில் உருண்டு ஓடியதை நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அந்த நேரத்தில் உன் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. காது அடைத்துப் போயிற்று. இன்றைக்கும் பயம் என்றால் எனக்கு அந்தச் சத்தமில்லாத நிமிஷம்தான்.

உனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எஸ்டேட் மேனேஜர் வந்து நின்று, "எப்படிப்பா விழுந்தே? உன் தப்பா?" என்று கேட்டார். அந்த மாதம்தான் எனக்கு லாரி கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. மொபெட்டை வளைக்கத் தெரியாதவனுக்கு லாரியை யார் கொடுப்பார்கள்? கட்டிலில் கை கட்டோடு அவள் படுத்திருக்கிறாள். அவள் காதுபடவே, "இவ பயந்து தோளைப் புடிச்சு இழுத்துட்டாளுங்க சார்" என்று சொன்னேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு லாரி கிடைத்தது. அவளுக்குக் காப்பி பறிக்கிற வேலை போய், குடோனில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிற வேலை வந்தது.

அதற்கப்புறம் அவள் வண்டியில் ஏறவே இல்லை. பயத்தால் என்றுதான் எல்லாரும் நினைத்தோம், அப்படித்தான் நானும் நினைத்துக்கொள்ளப் பழகினேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, "கண்ணு, ஏரி வரைக்கும் ஒரு சுத்து கூட்டிப்போறியா?" என்று கேட்டாளே. "ஐயோ வேண்டாம்மா, என்னையும் தோளைப் புடிச்சு இழுத்துப்போடுவே" என்று நீ சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். உன்னை நான் குறை சொல்லவில்லை, உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சிரித்ததற்குத்தான் மன்னிப்பே கிடையாது.

இன்று மத்தியானம் நான் பையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் சாப்பாட்டுக்கு வந்தாள். ஒரு பக்கிள் எனக்குக் கழன்று வரவே இல்லை. மடங்கின முழங்கையோடு வந்து, நாடாவைத் தளர்த்தி அவளே எடுத்துவிட்டாள்.

"புள்ளைகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

"நடந்ததைச் சொல்லீர்றேன்."

"பயமா இருக்குதுங்களா?"

"நொம்ப."

"எனக்கும் நாளைக்கு அவ போறதை நெனச்சாப் பயந்தானுங்க. நம்ம பயத்தை அவ தலையில கட்டாதீங்க. கூடையை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். இத்தனை வருஷத்தில் கூடை என்ற சொல்லை அவள் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். கூடையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இனி வண்டி விஷயம். முன்பக்கப் பையில் இருந்ததை எல்லாம் பின்பக்கப் பைகளில் பிரித்துப் போடு. இடம் பற்றாது என்பாய். இரண்டு நாளைக்கு ஐந்து செட் துணி எதற்கு? இரண்டை எடுத்து வெளியே போடு, இடம் தானாக வரும். கூடாரத்தையும் தண்ணீரையும் அடியில், ஆளுக்கொரு பக்கமாக வை; கையில் தூக்கிப் பார்த்து இரண்டு பையும் ஒரே கனமா என்று பார். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் வளைவில் வண்டி உன் பேச்சைக் கேட்காது. பாயைச் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே கட்டு, நுனி இரண்டும் ஹேண்டில் அகலத்தைத் தாண்டக் கூடாது. அடுப்புக்கு வாங்கின சின்ன கேஸ் டப்பாவை சைலன்சர் இல்லாத பக்கம் வை. நாடாவின் மிச்ச நுனியைத் தொங்கவிடாதே, மடித்து உள்ளே செருகு. சக்கரம் இழுத்துச் சுற்றிக்கொள்ள ஒரு விரல் நீள நாடா போதும். எல்லாம் கட்டி முடித்துவிட்டு மேலே ஏறி உட்கார்ந்து, ஹேண்டிலை இடமும் வலமும் கடைசி வரைக்கும் திருப்பு. எங்கேயாவது ஒரு நூல் இடித்தாலும் அவிழ்த்துக் கட்டு. அடிவாரத்தில் இறங்கினதும் ஒரு தடவை நிறுத்தி எல்லா முடிச்சையும் தொட்டுப் பார். மாலதி அவசரப்பட்டால் அவளைத் திட்டிக்கொண்டே பார். நான் அடிவாரத்தில் நின்றும் பார்க்காதவன், அதனால் சொல்கிறேன்.

முன்னால் எதையும் தொங்கவிடாதே. பொட்டலம் வேண்டாம், தண்ணீர் பாட்டில் வேண்டாம், வழியில் யாராவது அன்பாகக் கொடுக்கிற பலாப்பழம்கூட வேண்டாம். யார் கொடுத்தாலும், ஓசியில் கொடுத்தாலும், உன் அப்பன் சரி என்று சொன்னாலும் வேண்டாம். மலை ரோட்டில் உன் ஹேண்டில் உன் கைக்கு மட்டும்தான் கட்டுப்பட வேண்டும்.

போய் இறங்கினதும் போன் பண்ணு. வழியில் பண்ண வேண்டாம், வண்டி ஓட்டும்போது என் நினைப்பே உனக்கு வர வேண்டாம். ஒன்பதாவது வளைவைத் தாண்டுகிற நேரத்தில் நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அது என் பாடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் சாமி. நாளைக் காலை கிளம்புவதற்கு முன்னால், பின்சீட்டில் எதையும் கட்டாமல் அம்மாவை ஏற்றி ஏரி வரைக்கும் ஒரு சுற்று கூட்டிப் போய் வா. பாயையும் பையையும் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நிற்கிறேன். அவள் உன் தோளைப் பிடிப்பாள். பிடிக்கட்டும், இழுக்க மாட்டாள். அன்றைக்கும் இழுக்கவில்லை. ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தவள், வண்டி சாய்ந்தபோது ரோட்டில் ஒரு கையை ஊன்றியிருந்தால் முழங்கை தப்பித்திருக்கும். நீ அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். என் தோளைப் பிடிக்க அவளுக்குக் கை ஏது கண்ணு? இரண்டு கையும் உன்னைச் சுற்றித்தான் இருந்தது.

அப்பா